செம்பு சொல்லாத காரணம்

1976-ல் ஆப்பிள்-1 கணினி வந்தபோது, மின்சாரத்தை நிறுத்தினால் எழுதிய நிரல் அத்தனையும் போய்விடும். டேப் ரெக்கார்டரில் அதைப் பதிந்துவைக்க ஸ்டீவ் வாஸ்னியாக் ஒரு சின்ன கேசட் கார்டு செய்தார். விலை 75 டாலர். அதன் சர்க்யூட் வரைபடம் கையேட்டிலேயே அச்சாகியிருந்தது. அக்காலத்துக் கார்டுகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. கம்பெனி மூடிவிட்டது, கையேடு குப்பைக்குப் போனது, கார்டு மட்டும் மிஞ்சியது என்றால், அதை வைத்தேதான் வரைபடத்தை மீட்க வேண்டும்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை ஐசி என்னும் சில்லின் ஒரு காலில் வைத்து, மறுமுனையால் மற்ற கால்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். 'பீப்' என்றால் இணைப்பு உண்டு. ஐசிக்கு அடியில் ஓடும் செம்புத் தடம் கண்ணுக்குத் தெரியாது; மீட்டருக்குத் தெரியும். ஆனால் ப்ராம் என்னும் நினைவகச் சில்லுக்குள் எழுதியிருப்பதைக் கேட்டால் மீட்டர் கைவிரித்துவிடும். முகவரிகளை வரிசையாகக் கொடுத்துத்தான் அதை வாசித்தெடுக்க வேண்டும்.

கிடைத்த இணைப்புகளையெல்லாம் போர்டில் ஐசிகள் இருக்கும் இடப்படியே வரைந்தால் கோடுகள் இடியாப்பமாகிவிடும். ஒரு பிழை இராது, ஒன்றும் புரியாது. போர்டில் யார் எங்கே உட்காருவது என்பதை முடிவுசெய்தது செம்புத் தடங்களின் வசதி. செய்தவர் யோசித்த வரிசை வேறு. அதனால் அழித்துவிட்டு மறுபடி வரைய வேண்டும்: முகவரிக் கோடுகள் இடப்பக்கம், 'கூப்பிடுவது என்னைத்தானா' என்று பார்க்கும் டிகோடர் நடுவில், டேட்டா போகும் வழி வலப்பக்கம்.

அப்போதுதான் 'ஏன்' என்ற கேள்வி முளைக்கிறது. ஐசிக்குள் இருக்கும் நான்ட் கேட் என்ற தர்க்கச் சுற்று ஒன்றின் இரண்டு உள்ளீடுகளும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். பிழையோ என்று தோன்றும். யோசித்தால் பிடிபடும்: வேலையில்லாமல் மிஞ்சிய கேட்டை, 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் இன்வெர்ட்டராக்கி, இன்னொரு ஐசியின் செலவைச் செய்தவர் மிச்சம்பிடித்திருக்கிறார். இதை எந்த பீப்பும் சொல்லாது.

2014-ல் ஓர் ஆப்பிள்-1 ஏலத்தில் 9,05,000 டாலருக்குப் போனது. பணம் கொடுத்தால் போர்டு வந்து சேரும். அதைச் செய்தவரின் யோசனை கூடவே வராது. ஒவ்வொரு காலையும் தொட்டு, 'இது ஏன் இங்கே' என்று கேட்டு விடை கண்டவரிடமே அது வரும். முன்னோர் பொருளை விட்டுச்செல்லலாம், வரைபடத்தையும் விட்டுச்செல்லலாம். அறிவை அப்படிக் கைமாற்ற முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி யோசித்தே அதைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.