உடன் ஓடுதல்

வேப்பனப்பள்ளிச் சாலையோரத்து மாந்தோப்புகளில் பனி விலகுமுன் நண்பர்கள் நால்வர் ஓடிப் பழகுகிறோம். நாற்பதைக் கடந்த உடல்கள். பெங்களூரில் 2008-இல் தொடங்கிய பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தை ஒருமுறையேனும் முடிக்க வேண்டும் என்பதே எண்ணம். ஒருநாள் பின்தங்கிய நண்பரின் கையைப் பற்றி இழுத்தவாறே ஓடினோம். அதனை அன்பென்றே எண்ணினோம். மறுநாள் அவர் வரவில்லை.

எங்கே தவறினோம்? 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் நடந்த மராத்தான் ஓட்டம் இவ்வினாவுக்கு ஒளி தருகிறது. இத்தாலியரான டொராண்டோ பியெத்ரி முதலாவதாக அரங்கினுள் நுழைந்தும், பலமுறை தளர்ந்து விழுந்தார். மனம் பொறாத அலுவலர்கள் அவரைத் தாங்கி எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்தனர். பிறர் துணை பெற்றமையால் அவர் தகுதி இழந்தார். மறுநாள் அரசி அலெக்சாந்திரா அவருக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம் அளித்தார். இரக்கம் இருமுறை அவரைத் தேடி வந்தது. ஒன்று அவரது ஓட்டத்தையே பறித்தது, மற்றொன்று அவரது உழைப்பை மதித்தது.

பந்தயத்தில் பரிசு ஒருவருக்கே என்று கொரிந்தியருக்கு நினைவூட்டிய புனித பவுல், திமொத்தேயுவுக்கு எழுதுகையில், தமக்குரிய வாகை ஆண்டவரின் வருகையை விரும்பும் அனைவருக்கும் உரியது என்கிறார்.

நண்பரின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். இப்போது பேச்சுத் தடைபடாத வேகத்தில் நால்வரும் ஓடுகிறோம். தொடக்கநிலையினருக்கு ஏற்ற வேகமும் அதுவே அன்றோ! நம் வேகத்தைக் குறைப்பது நம் கையில் உள்ளது. பிறரது ஓட்டத்தை ஓடுவது நம் கையில் இல்லை. குடும்பத்திலும் பங்கிலும் தளர்ந்தோரை இழுக்காமலும் விட்டகலாமலும் உடன் ஓடும் பொறுமையை இறைவனிடம் வேண்டுவோம்.