போட்டியும் பகைமையும்

போட்டி என்றாலே பகைமை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அருகிலிருக்கும் தோழனை எதிரியாகக் காணவே பரீட்சைக்குச் செல்லும் மாணவனைப் பழக்குகின்றோம். இது சரிதானா?

லெனின்கிராட்டிற் பிறந்த சதுரங்க வீரர் இருவரைக் கருதுவோம். 1977ஆம் ஆண்டின் இறுதியில், உலகப் பட்டத்துக்கு அறைகூவும் உரிமைக்காக விக்டர் கோர்ச்னோயும் பொரிஸ் ஸ்பாஸ்கியும் பெல்கிறேட்டில் மோதினர். கோர்ச்னோய் முந்திய ஆண்டிலேயே சோவியத் நாட்டைத் துறந்திருந்தார். பட்டமும் அரசுகளின் கௌரவமும் பலகையருகே நின்றன. ஒரு கட்டத்தில் ஸ்பாஸ்கி எதிராளியின் முன் அமரவும் விரும்பவில்லை. ஒதுக்கிடத்திலிருந்து சிந்தித்து, காயை நகர்த்த மட்டுமே வந்தார். கோர்ச்னோய் வென்றார், கசப்பே மிஞ்சியது.

2009 டிசம்பரில், கல்மீக்கியாவின் எலிஸ்டா நகரில் அதே இருவரும் மீண்டும் அமர்ந்தனர். ஒருவருக்கு வயது 78, மற்றவருக்கு 72. எட்டு ஆட்டங்கள், முடிவு 4–4. வெல்லப் பட்டமேதும் இருக்கவில்லை, ஆயினும் ஆடினர்.

எதிராளி இன்றேல் ஆட்டமே இல்லை. அவன் காட்டும் எதிர்ப்பிலிருந்தே நமது சிறந்த நகர்வு பிறக்கின்றது. ஆகவே போட்டி, இருவர் கூடிச் செய்யும் ஆக்கவேலை. பகைமையோ வெளியிலிருந்து வருவது.

பல்கலைக்கழக இடங்கள் சிலவாகவும் தகுதியுடையோர் பலராகவும் இருப்பது மாணவனின் குற்றமன்று. சமுதாய அமைப்பின் குற்றம். அக்குற்றத்தை மறைக்கவே தோழனை எதிரியாக்குகின்றோம். ஆசிரியராகிய நாம் முதலில் விட்டொழிக்க வேண்டியது இதனையே.