மூன்று இராசாக்கள் வந்த வீடு
(திருக்காட்சிப் பெருவிழா மறையுரை)



இன்று நாம் கேட்ட நற்செய்தியில், ஞானிகள் தொழுவத்துக்குள் போனதாக மத்தேயு எழுதவில்லை. வீட்டுக்குள் போனார்கள் என்றுதான் எழுதுகிறார். எத்தனை பேர் என்றும் அவர் சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் வந்தவர்களும் மூன்று பேர் என்று பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று பெயர் வைத்து, இராசாக்களாக்கி, முடியும் சூட்டிவிட்டார்கள். அது இருக்கட்டும். அந்த வீட்டு வாசலைக் கொஞ்சம் பாருங்கள். உள்ளே கைக்குழந்தை. வெளியே நிற்பவர்கள் கிழக்கே எங்கிருந்தோ வந்தவர்கள். உடை வேறு, பேச்சு வேறு, விண்மீனைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிற பழக்கமும் வேறு. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் முன்பின் தெரியாதவர் வந்தால் நாம் என்ன செய்வோம்? பிள்ளையைத் துண்டால் மூடிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவோம். மரியா போகவில்லை. வந்தவர்கள் குழந்தையையும் தாயையும் பார்த்தார்கள், விழுந்து வணங்கினார்கள், பேழைகளைத் திறந்தார்கள்.

இதே மரியாவும் யோசேப்பும் தங்கள் முன்னோர் வழக்கத்தில் எதையும் கைவிட்டவர்கள் அல்லர். எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்தார்கள். சட்டப்படி நாள் நிறைந்ததும் பிள்ளையைக் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்காக எருசலேமுக்கு நடந்தார்கள். இதையெல்லாம் லூக்கா ஒவ்வொன்றாகச் சொல்கிறார். தன் வழக்கத்தில் அவ்வளவு உறுதியாக நின்ற வீடுதான் அந்நியருக்கும் கதவைத் திறந்தது. இன்று சின்னப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரிடம் நான் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

நம்மில் இரண்டு வகைப் பெற்றோர் இருக்கிறோம். நம் வழக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை கிணற்றுத் தவளையாகிவிடும் என்று ஒரு சாரார் பயப்படுகிறார்கள். மற்றவர் வழக்கத்தையும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை தடம் மாறிவிடும் என்று இன்னொரு சாரார் பயப்படுகிறார்கள். இரண்டு சாராரும் கடைசியில் ஒன்றையேதான் செய்கிறார்கள்: பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை.

விவிலியத்தைப் பாருங்கள். பாஸ்கா விழாவைக் கட்டளையிடும்போதே, இந்தச் சடங்குக்கு என்ன பொருள் என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது இப்படிச் சொல்லுங்கள் என்று விடுதலைப்பயண நூல் பதிலையும் சேர்த்தே தருகிறது. யோர்தானைக் கடந்ததும் யோசுவா பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டுகிறார். எதற்கு? நாளைக்குப் பிள்ளைகள் இந்தக் கல் என்ன கல் என்று கேட்க வேண்டும், அதற்கு! யூதக் குடும்பங்களில் இன்றுவரை பாஸ்கா இரவு விருந்தில், மற்ற இரவுகளைப் போல் இல்லாமல் இந்த இரவு மட்டும் ஏன் இப்படி என்று கேட்கும் பொறுப்பு அந்த வீட்டின் கடைக்குட்டிக்குத்தான். அந்தப் பிள்ளை கேட்ட பிறகுதான் பெரியவர்கள் எகிப்தின் கதையைத் தொடங்குவார்கள்.

நம் வீட்டுக் கடைக்குட்டி கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "பேசாம இரு, சாமி கண்ணைக் குத்தும்." அதோடு சரி.

கல்லறைத் திருநாளை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் இரண்டாம் தேதி நாம் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். முந்தின நாளே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து வைத்திருப்போம். மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் தீர்த்தம் தெளிக்கக் காத்திருப்போம். கூட வந்த ஐந்து வயதுப் பிள்ளை உருகிய மெழுகைச் சுரண்டி உருண்டை பிடித்துக்கொண்டிருக்கும். கையைச் சுட்டுக்கொள்ளாதே என்று அதட்டுவோமே தவிர, உள்ளே படுத்திருக்கும் தாத்தா யார், என்ன வேலை பார்த்தார், எதைப் பார்த்துச் சிரிப்பார், ஏன் இன்றைக்கு அவருக்கு வெளிச்சம் வைக்கிறோம் என்று சொல்ல நமக்கு நேரம் கிடைக்காது. சொன்னால் ஐந்து நிமிடம். சொல்லாமல் விட்டால், இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைக்கு அந்தக் கல்லறை யாருடையது என்றே தெரியாது.

சொல்லிவிட்டு அங்கேயே இன்னொன்றையும் சொல்லுங்கள். கல்லறை மேல் நாம் போடும் அந்த மஞ்சள் செண்டுமல்லி நம் ஊர்ப் பூ இல்லை. அதன் தாயகம் மெக்சிகோ. அதே நவம்பர் இரண்டாம் தேதி மெக்சிகோ மக்களும் இதே பூவோடு கல்லறைக்குப் போகிறார்கள். வீட்டில் மேடை கட்டி, இறந்தவரின் படம் வைத்து, அவருக்குப் பிடித்த பலகாரத்தைப் படைக்கிறார்கள். அவர் வழி தெரிந்து வீட்டுக்கு வரட்டும் என்று செண்டுமல்லி இதழ்களைப் பாதையெங்கும் தூவுகிறார்கள். நம் தாத்தாவுக்கு ஒரு மாலை, கடல் கடந்து இன்னொரு பிள்ளையின் தாத்தாவுக்கு அதே பூவில் ஒரு பாதை. தன் தாத்தாவின் கதையைக் கேட்ட பிள்ளைக்கு இது உடனே விளங்கும். கேட்காத பிள்ளைக்கு இது வெறும் பொது அறிவு.

இன்றைய திருநாளுக்கே வருவோம். பல கிறிஸ்தவ நாடுகளில் இதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் ஒன்று போல இன்னொன்று இல்லை. கோவாவில் கான்சாலிம் பக்கம் அடுத்தடுத்த மூன்று ஊர்களிலிருந்து ஊருக்கு ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுப்பார்கள். அவனுக்கு முடியும் அங்கியும் அணிவித்துக் குதிரையில் ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொருவனும் தன் ஊரிலிருந்து வேறு பாதையில் கிளம்பி, குன்றின் மேல் இருக்கும் மாதா கோயிலில் மற்ற இருவரையும் சந்திக்க வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் இரிஞ்ஞாலக்குடாவில் வாழைத்தண்டை நட்டு அதில் விளக்கேற்றிப் பிண்டிப் பெருநாள் கொண்டாடுகிறார்கள். மெக்சிகோவில் வளையமாக ஒரு ரொட்டி சுட்டு அதற்குள் சின்னக் குழந்தைப் பொம்மையை மறைத்து வைப்பார்கள். குழந்தை ஏன் ரொட்டிக்குள் இருக்கிறது என்று கேட்டால், குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறோம் என்பார்கள். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாகக் கொடுத்த பிப்ரவரி இரண்டாம் தேதி, எல்லாருக்கும் சாப்பாடு போட வேண்டும். மறைக்கல்வி ஆசிரியர் ஒரு வகுப்பு முழுக்க நடத்தும் பாடம் அந்த ஒரு ரொட்டிக்குள் இருக்கிறது.

ஜெர்மனியில் பிள்ளைகளே மூன்று இராசாக்களாக வேடமிட்டு, கம்பில் ஒரு விண்மீனைத் தூக்கிக்கொண்டு, சனவரிக் குளிரில் வீடு வீடாகப் போய்ப் பாடுகிறார்கள். கதவு நிலையில் சாக்பீஸால் அந்த ஆண்டையும் ஆசீரின் எழுத்துகளையும் எழுதுகிறார்கள். கிடைக்கும் காசு அவர்களுக்கு அல்ல. பிள்ளைகளே பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்று 1843-ல் பிரான்சு நாட்டு ஆயர் ஃபோர்பென்-ஜான்சன் தொடங்கிய திருப்பாலத்துவ சபை நமக்கும் தெரிந்ததுதான். அந்த வழியில் வந்த ஜெர்மன் சிறார் அமைப்பு 1959 முதல் இந்தப் பவனிக் காணிக்கையைத் திரட்டி, பல நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறது. 2018-ல் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் குழந்தைத் தொழிலாளர் கொடுமை. முன்னிறுத்திய நாடு இந்தியா. அதாவது, பனியில் நடந்த அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நம் பிள்ளைகள் அவர்களைப் பற்றி என்ன தெரிந்துகொண்டார்கள்?

உலகத்தைச் சொல்லிக் கொடுப்பது என்றதும், ஆளுக்கு ஒரு நாட்டு உடை மாட்டி மேடையில் நிற்க வைத்துப் படம் எடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. உடை வாடகைக் கடைக்குத் திரும்பிப் போய்விடும். தொப்பியும் தாளக்கட்டும்தான் ஒரு மக்கள் என்று பிள்ளை நினைத்துக்கொண்டால், தெரியாமலே இருந்திருக்கலாம். நம் கிறிஸ்மஸ் குடிலில் இருக்கும் கறுப்பு இராசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அறிந்திருந்த ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா மூன்றும் ஆண்டவரிடம் வந்தன என்று காட்டவே பழைய ஓவியர்கள் ஒருவரைக் கறுப்பாக வரைந்தார்கள். இளைஞர், நடுவயதினர், முதியவர் என்று மூன்று பருவங்களையும் அதில் சேர்த்தார்கள். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? குடில் முன்னால் கறுப்பு இராசாவைக் கைகூப்பி வணங்கிவிட்டு, அடுத்த நிமிடம் நிறம் குறைவான பேத்தியை "கருவாச்சி" என்று கேலி செய்கிறோம். பிள்ளை இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டில் எதை நம்பும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி வரும். சில கிறிஸ்தவர்கள் ஏன் சனவரி ஏழாம் தேதி கிறிஸ்மஸ் கொண்டாடுகிறார்கள், அவர்கள் தப்பாகக் கொண்டாடுகிறார்களா என்று பிள்ளை கேட்கும். எகிப்து நாட்டுக் கோப்து கிறிஸ்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். நாற்பத்து மூன்று நாள் நோன்பு இருந்துவிட்டு ஏழாம் தேதி விழா எடுக்கிறார்கள். பழைய நாள்காட்டி நம்முடையதைவிடப் பதின்மூன்று நாள் பின்னால் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஏரோதுவுக்குப் பயந்து ஓடிய திருக்குடும்பத்துக்கு இடம் கொடுத்த நாடு அது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆண்டவர் நடை பழகிய வயதில் அந்நிய மண்ணில் அகதியாக இருந்தவர்.

இதையெல்லாம் சொல்ல எங்களுக்கு என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்காதீர்கள். முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர் உதவியோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். செபம் கற்றுக்கொடு என்று பிள்ளைகள் தன்னைச் சாப்பிடவோ தூங்கவோ விடவில்லை என்று கடிதத்தில் எழுதுகிறார். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அக்கம் பக்கத்தாருக்கும் போய்ச் சொல்லுங்கள் என்று அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். நம் கடற்கரையில் விசுவாசம் பரவியதில் பாதி வேலை பிள்ளைகள் செய்தது. அதன்பின் அண்ட்ரிக் அடிகளார் 1579-ல் கொச்சியில் அச்சேற்றிய 'கிரீசித்தியானி வணக்கம்', சிறுவருக்குப் போதிப்பதற்காகக் கேள்வி பதிலாகப் போர்த்துக்கீசில் எழுதப்பட்ட நூலின் தமிழாக்கம். தமிழில் அச்சான முதல் சில நூல்களிலேயே ஒன்று, பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லும் மரபில் வந்த நூல்!

பாட்டிமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. திமொத்தேயுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்போது பவுல் முதலில் சொல்வது பாட்டி லோயியின் பெயரை. தாய் யூனிக்கி அதற்கு அடுத்துத்தான். அந்தப் பிள்ளையின் தகப்பன் கிரேக்கர். ஒரே கூரையின்கீழ் இரண்டு இனத்து வழக்கங்களைப் பார்த்து வளர்ந்தவனைத்தான் பவுல் நாடு நாடாகக் கூட்டிக்கொண்டு போனார். ஆகவே பேரப்பிள்ளை போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போனைக் குறை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் கல்யாணம் எப்படி நடந்தது, நம் ஊர்ச் சப்பரத்தை யார் யார் தூக்கினார்கள், அசன விருந்துக்கு எத்தனை அண்டா வைத்தார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்குங்கள்.

அடுத்து பொங்கல் வருகிறது. பக்கத்து வீட்டுக்குப் பொங்கல் கொடுக்கும்போது நீங்கள் போகாதீர்கள். பாத்திரத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள். இந்து வீடாக இருக்கலாம், நோன்புக் காலத்தில் நமக்குக் கஞ்சி தரும் இஸ்லாமியர் வீடாக இருக்கலாம், வடக்கேயிருந்து வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பமாக இருக்கலாம். கொடுத்த பாத்திரம் நம் ஊரில் வெறுமையாகத் திரும்பி வராது. அதில் என்ன வந்தது, அந்த வீட்டில் அதை எப்போது செய்வார்கள், ஏன் செய்வார்கள் என்று பிள்ளை கேட்டுக்கொண்டு வரட்டும். பிறகு வருகிற ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் அதைச் சொல்லட்டும். ஆசிரியர்களே, அன்றைக்கு முதல் அரைமணி நேரத்தை அதற்கு ஒதுக்கி வையுங்கள்.