செங்கடலின் சிற்றுயிரும் மனித மாண்பும்

மஞ்சக்குட்டையின் காப்பித் தோட்டங்களிடையே வாழும் நமக்குக் கடல் தொலைவானது. ஆயினும் நம் உடலின் உறவுமுறை அதுவரை நீள்கிறது.

டிரைக்கோபிளாக்ஸ் என்பது ஓரிரு மில்லிமீட்டர் அகலமே உள்ள தட்டையான கடலுயிர். 1883இல் ஷுல்ட்சே என்னும் அறிஞர், ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், கடல்நீர்த் தொட்டியொன்றில் இதைக் கண்டறிந்தார். இதற்கு நரம்பில்லை, தசையில்லை, வாயுமில்லை. செங்கடலிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட வகையின் மரபணுத் தொகுதியை மான்சி ஸ்ரீவஸ்தவாவும் குழுவினரும் 2008இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 11,500 மரபணுக்கள் அதில் காணப்பட்டன. மனிதருக்குச் சுமார் 20,000. வியப்பு எண்ணிக்கையில் அன்று. நம் மூளை செய்திகளைப் பெறத் துணைபுரியும் ஏற்பிகளின் குடும்பத்தைச் சார்ந்த மரபணுக்கள், நரம்பே இல்லாத அவ்வுயிரில் நூற்றுக்கணக்கில் உள்ளன.

இதனால் மனித மாண்பு குறைகிறதா? இல்லை என்றே கருதுகிறோம். மனிதன் மண்ணால் உருவானவன் என்னும் மறைநூல், நம் மூலப்பொருள் மேலானது என்று உரைக்கவில்லையே! சிற்றுயிர் தன் சூழலை உணர்கிறது. அத்துடன் அதன் கடமை முடிகிறது. நாமோ, காப்பிப் பழம் பறிக்கும் தொழிலாளியின் குறையைக் கேட்டு நிற்கவும் இயலும். கேளாதார்போல் கடந்துபோகவும் இயலும். எதைத் தெரிந்துகொள்கிறோம் என்பதிலேயே நம் மாண்பு அடங்கியிருக்கிறது. உணரும் ஆற்றல் படைப்பனைத்திற்கும் பொதுவான கொடை. செவிசாய்ப்பது நம் பொறுப்பு.