பீஸ் எத்தனை ஆச்சு?

முதல் நாள் அம்மாவை டே கேரில் விட்டுவிட்டுப் பெங்களூர் பொம்மனஹள்ளி வீட்டுக்கு வந்ததும், வாசல் கதவைத் திறந்தே போட்டேன். ஒன்றரை வருஷமாக அந்தக் கதவுக்கு உள்பக்கம் பூட்டு; சாவி என் இடுப்பில். காற்று வந்த தரையிலேயே படுத்தேன். விழித்தபோது மணி இரண்டு. பேங்க் வேலை, துவைக்க வேண்டிய துணி எல்லாம் அப்படியே கிடந்தன.

அம்மா இங்கே கார்மென்ட்ஸில் இருபத்திரண்டு வருஷம் தைத்தவள். மறதிநோய் வந்தபிறகு என்னை ‘மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் அவளுடைய லைன் சூப்பர்வைசர். “பீஸ் எத்தனை ஆச்சு, மேடம்?” என்று காலையிலிருந்து கேட்பாள். “நீ வேலைக்குப் போறதில்லம்மா” என்று முதல் பத்துத் தடவை பொறுமையாகச் சொல்வேன். பிறகு கத்துவேன். சாயங்காலம் தெருவில் ஷிப்ட் முடிந்து பெண்கள் திமுதிமுவென்று போகும் சத்தம் கேட்டால், பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றுவிடுவாள். பொழுது சாயும்போது இந்த நோயாளிகளுக்கு வருகிற தவிப்பு என்றார் டாக்டர். இருக்கலாம். எனக்கென்னவோ அவள் ஷிப்ட் முடிந்து கிளம்புகிறாள் என்றுதான் பட்டது.

என் அக்கவுண்ட்ஸ் வேலையை விடும்படி யாரும் சொல்லவில்லை. விட வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. நம் நாட்டில் அறுபது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் என்கிறது ஒரு கணக்கு. வேலையை விட்ட மகள்களுக்கும் மருமகள்களுக்கும் யார் கணக்கு வைப்பது?

டே கேர் தேடியபோது கட்டடத்தைப் பார்க்கவில்லை. தமிழ் பேசுகிற ஆயா உண்டா என்று கேட்டேன். அம்மாவிடமிருந்து கன்னடமும் தெலுங்கும் கழன்றுபோய், தருமபுரித் தமிழ் மட்டும் மிச்சம். எங்கள் ஓசூர் ரோட்டில் நேரே போனால் வரும் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இருக்கும் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி, ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வை 2013இல் வெளியிட்டார். ஒரே மொழி பேசுகிறவர்களைவிட, ஒன்றுக்கு மேல் பேசுகிறவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தாமதித்தே வந்திருந்ததாம், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும். ஃபேக்டரியில் பேசிப் பேசியே கற்ற மொழிகள் அம்மாவுக்கும் கொஞ்சம் காலம் வாங்கிக் கொடுத்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கிறது.

“பெத்தவளை எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி கொண்டுபோய் விடறியே” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. உறுத்தியது. அன்று சீக்கிரமே போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மா முன்னால் ஒரு குவியல் துண்டுகள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மடிப்பைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி, தையல் மேலே வருகிறதா என்று திருப்பிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். “பீஸ் எத்தனை?” என்று நிமிர்ந்தாள். “எண்பது ஆச்சும்மா, டார்கெட் முடிஞ்சுது” என்றார் ஆயா. அம்மா முகம் தெளிந்துவிட்டது.

இவ்வளவுதானா! ஒன்றரை வருஷம் நான் அவளிடம் உண்மையைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். டே கேர் எனக்குத் தந்தது ஆறு மணி நேரத் தூக்கம் மட்டும் என்றால் பாதிதான் சொன்னதாகும். மாதம் ஒருமுறை குடும்பத்தினரை உட்கார வைத்துப் பேசுகிறார்கள். அங்கே ஒரு பெரியவர், மனைவியைக் குளிப்பாட்டும்போது அடித்துவிட்டதாகச் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. நானும் என் கத்தலைச் சொன்னேன்.

இப்போதும் சாயங்காலம் பையை மாட்டிக்கொள்கிறாள். நேற்று “டார்கெட் முடிஞ்சுது, கிளம்பலாம்” என்று செருப்பை எடுத்துப் போட்டேன். தெருமுனைவரை அந்தப் பெண்கள் கூட்டத்தோடு நடந்தோம். திரும்பும்போது என் முகத்தையே பார்த்தாள்.

“நீங்க இன்னும் வீட்டுக்குப் போகலையா, மேடம்?”