சூசனும் அதன் சந்ததியும்

முதன்முதல் வளர்த்த ஒரு நாயின்மேல் வைத்த பட்சத்தினால் ஆயுள் முழுவதும் அந்த இனத்தையே வளர்ப்பவர்கள் உண்டு. இது அன்பா, அல்லது செத்த நாயை மற்றவைகளில் தேடும் ஏக்கமா?

இங்கிலாந்து இராணியாயிருந்த இரண்டாம் எலிசபெத்தைப் பாருங்கள். 1944-ல், அவருடைய 18-ஆம் பிறந்த நாளுக்குத் தகப்பனார் கொடுத்த கார்கிக் குட்டிதான் சூசன். குட்டைக் கால், நீண்ட உடல், நரி முகம். வேல்ஸ் நாட்டில் மாடு ஓட்டுகிறவர்களின் நாய். (அரண்மனைக்கேற்ற அழகென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை!) 1947-ல் விவாகமானபோது தேனிலவுக்கும் அதைக் கூட்டிப்போனார். 1959-ல் சூசன் இறந்தது. அதன் சந்ததியை 14 தலைமுறைகள் வரை வளர்த்தார். சுகர், ஹனி, ஹாலி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்.

“இது சூசனைப்போல் இல்லையே” என்று குட்டியிடம் முகம் சுளிப்பவர் நேசிப்பது தம் ஞாபகத்தையே. இராணி அப்படிப்பட்டவரா? முதுமையில் அவர் அந்த வம்சத்தைப் பெருக்குவதை நிறுத்திவிட்டார். தமக்குப்பின் இளங்குட்டிகள் எஜமானியின்றித் தவிக்கலாகாது என்பதே காரணமென்று சொல்லப்படுகிறது. 70 வருஷத்துக்குமேல் காத்த வம்சம் அறுந்துபோகட்டுமென்று விடுவது இலேசான காரியமா? சூசன் சந்ததியில் கடைசியான வில்லோ 2018-ல் இறந்தபோது இராணிக்கு வயது 91.