ஒதுங்கி இருத்தல் கடமை தவறுதலா?



நகரத்தின் இரைச்சலை விட்டு இரண்டொரு நாள் மரமும் நீரும் சூழ்ந்த இடத்தில் அமைதியாகத் தங்கி வர வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் அவ்வாசை எழும்போதே ஒரு கூச்சமும் உடன் எழுகிறது. கடையும் குடும்பமும் கடனும் காத்திருக்க, மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பது பொறுப்பற்ற செயலாகாதா? இதைச் சற்றுச் சிந்திப்போம்.

சிங்கப்பூருக்கு இலையுதிர் காலம் கிடையாது. ஆயினும் வடநாடுகளில் அப்பருவம் வந்துவிட்டது என்று நமக்கு அறிவிப்போர் உண்டு. செப்டம்பர் முதல் சைபீரியா முதலிய குளிர் நாடுகளிலிருந்து உள்ளான் போன்ற பறவைகள் சுங்கை பூலோ சேற்று நிலத்தில் வந்து இறங்குகின்றன. ஒரு காலத்தில் இறால் குளங்களாக இருந்த அவ்விடம் 1993-இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002-இல் இயற்கை வனக் காப்பகமாக உயர்ந்தது. அப்பறவைகளுள் சில இரை தின்று, சிறகாற்றி, ஆஸ்திரேலியா வரை பறந்து செல்கின்றன. அவற்றை எவரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. நடுவழியில் நில்லாத பறவை போய்ச் சேராது.

மனிதனுக்கும் அத்தகைய இடம் நம் அருகிலேயே இருக்கிறது. சாங்கி முனையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் பம்போட் புறப்படும். பத்து நிமிடத்தில் புலாவ் உபின். இத்தீவின் கருங்கல்தான் 1851-இல் ஒளியேற்றிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்திற்கும், பின்னர் ஜொகூர் பாலத்திற்கும் சென்றது. 1999-இல் கடைசிக் கல்லுடைப்பும் நின்றது. குழிகளில் நீர் நிறைந்தது. இன்று அங்கே நாரைகள் கூடு கட்டுகின்றன. 2001-இல் தீவின் செக் ஜாவா கரையை மண்ணிட்டு நிரப்ப இருந்தனர். பொதுமக்கள் பலர் எடுத்துரைக்கவே அரசாங்கம் அதை ஒத்திவைத்தது. ஆகவே, அங்கு நாம் அனுபவிக்கும் அமைதியும் பிறர் முயற்சியால் கிடைத்ததே என்பதை மறக்கலாகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன் ஹிரா குகையில் பல இரவுகள் தனித்திருந்தார்கள். கொண்டுசென்ற உணவு தீர்ந்ததும் கதீஜா நாயகியாரிடம் திரும்பி வருவார்கள். வஹீ இறங்கிய பின்னரோ, மலையை விட்டு இறங்கி, இருபத்து மூன்று ஆண்டுகள் மக்கள் நடுவிலேயே வாழ்ந்தார்கள். ரமளானின் கடைசிப் பத்து நாட்களில் இருக்கும் இஃதிகாபுக்கும் ஒரு முடிவு நாள் உண்டு. அதுவும் ஊர் நடுவே உள்ள பள்ளிவாசலில்தான். தனிமைக்கு இடம் தந்த நம் மார்க்கம் துறவுக்கு இடம் தரவில்லை. திரும்பி வரும் எண்ணத்துடன் ஒதுங்குகிறவன் கடமையை விட்டவன் ஆகான். கடமைக்குத் தன்னைத் தயார் செய்கிறவனே ஆவான்.

இங்கே மற்றொரு கேள்வி எழுகிறது. ஓய்வு நமக்கு நல்லதெனில், நம்மிடம் வேலை செய்வோருக்கு அது வேண்டாமோ? ஞாயிறு மாலை தேக்கா பக்கம் சென்று பாருங்கள். வாரமெல்லாம் கட்டடம் எழுப்பிய தொழிலாளர்கள் புல்தரையில் அமர்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அந்தப் புல்தரைதான் உபின் தீவு. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு, இல்லையேல் அதற்கு ஈடான ஊதியம் என்ற விதி 2013-இல் வந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது என்ற விதி 2023-இல் சேர்ந்தது. சட்டம் வற்புறுத்திய பிறகுதான் கொடுக்க வேண்டுமா? வீட்டில் அடுப்படியை விட்டு நகராத மனைவிக்கோ எந்தச் சட்டமும் ஓய்வு நாள் குறிக்கவில்லை. அதைக் குறிக்க வேண்டியவர் கணவரே.

ஆதலின் சகோதரர்களே, கூச்சமின்றிச் சென்று வாருங்கள். மரங்களையும் பறவைகளையும் படைத்தவனை நினைத்து ஓரிரவு அமைதியாக இருங்கள். ஆனால் புறப்படும் முன் உங்கள் இல்லத்திலும் கடையிலும் உள்ள ஒவ்வொருவரையும் எண்ணி, அவருக்குரிய நாள் எது என்று கேளுங்கள். பிறர் ஓய்வைப் பறித்துக்கொண்டு நாம் பெறும் அமைதி நெஞ்சில் தங்காது.